பிரித்தானியத் தரைவழி இலக்கமுறைத் தொலைக்காட்சி: முதல் நான்கு ஆண்டுகள் (1998–2002)

பிரித்தானியாவின் ஐ.ரி.வி. டிஜிற்றல் நிறுவனம் 2002ஆம் ஆண்டில் வீழ்ச்சியுற்றமைக்கு, உதைபந்தாட்ட ஒளிபரப்புரிமைக்காக அது வழங்க ஒப்புக்கொண்ட பெருந்தொகையே காரணமெனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. இக்கூற்றில் உண்மையுண்டு. ஆயினும், அலைபரப்பின் பொறியியலை நோக்குமிடத்து வேறொரு காரணமும் புலப்படும்.

1982இல் வகுக்கப்பட்ட சர்வதேச நியமத்தின்படி, சுருக்கப்படாத இலக்கமுறைப் படத்திற்குச் செக்கனுக்கு 216 மெகாபிற்றுக்கள் வேண்டும். 8 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையோ ஏறத்தாழ 24 மெகாபிற்றுக்களையே சுமந்தது. எம்பெக்-2 எனும் சுருக்கமுறை இவ்விடைவெளியை நிரப்பியதால், ஓர் அலைவரிசையில் பல நிகழ்ச்சிச் சேவைகளை அனுப்புதல் சாத்தியமாயிற்று.

1998 நவம்பர் 15இல் 'ஒன்டிஜிற்றல்' என்ற பெயரில் இச்சேவை தொடங்கியபோது, ஒவ்வொரு காவியலையும் 64 நிலைகளுள் ஒன்றை ஏற்று ஒரே வேளையில் 6 பிற்றுக்களைச் சுமந்தது. நிலைகள் நெருங்கியிருந்தமையால் சிறிய இரைச்சலும் ஒன்றை மற்றொன்றாக மயங்கச் செய்தது. பழைய ஒளிபரப்புக்கு இடையூறு நேராதிருக்க, புதிய பரப்பிகளின் வலுவும் குறைத்தே வைக்கப்பட்டது. 6817 காவியலைகளைக் கொண்ட முறைக்குரிய சில்லுகள் உரிய காலத்திற் கிடைக்காமையால், 1705 காவியலைகளைக் கொண்ட முறையே கையாளப்பட்டது. குளிர்சாதனப் பெட்டியின் ஆளி இயங்குவதும், வீதியில் மோட்டார் சைக்கிள் செல்வதுங்கூட அம்முறையைக் குலைக்கவல்லன. பழைய முறையிற் படத்தில் புள்ளிகள் தோன்றும். பார்ப்போர் அதனைப் பொறுத்துக்கொள்வர். புதிய முறையிலோ படம் உறைந்துவிடும், அன்றேல் முற்றாக மறையும். சந்தா செலுத்தியோர் இதனைப் பொறுப்பார்களென எதிர்பார்த்தமை விந்தையே!

நிறுவனம் 2002 மே 1இல் சேவையை நிறுத்தியது. அதே ஆண்டு ஒக்ரோபர் 30இல் 'பிறீவியூ' தொடங்கியபோது, ஆறு பல்தொகுதிகளுள் நான்கில் 64 நிலைகள் 16 ஆகக் குறைக்கப்பட்டன. அவற்றின் கொள்ளளவு 24.1 மெகாபிற்றிலிருந்து 18.1 ஆக இறங்கியது. சேவைகளின் எண்ணிக்கையே பெருமையெனக் கருதப்பட்ட அக்காலத்தில், கொள்ளளவின் காற்பங்கை உறுதிக்காக விட்டுக்கொடுத்த இம்முடிவே, நமது கருத்தில், அவ்வரலாற்றின் திருப்புமுனையாகும்.

பழைய ஒளிபரப்பு பகுதி பகுதியாக நீக்கப்பட்டு 2012 ஒக்ரோபர் 24இல் முற்றாக முடிவுற்றது. பரப்பிகளின் வலு உயர்த்தப்பட்டு, 6817 காவியலை முறையும் புகுத்தப்பட்டதன் பின்னர், கைவிடப்பட்ட 64 நிலைகள் மீண்டும் வழக்கிற்கு வந்தன.