குடாநாடும் தீவும்: கொரியாவும் யப்பானும்

ஒரு நாட்டின் வரலாற்றை ஆராயப் புகுவோர், அந்நாட்டு மன்னர்களின் பெயர்களை மனனஞ் செய்வதற்கு முன்னர், அங்கே மலை எத்திசையில் நிற்கிறது, ஆறு எப்பக்கம் ஓடுகிறது, காற்று எப்பொழுது மாறுகிறது என்பவற்றை அறிதல் நன்று. இவ்வுண்மையை விளக்குதற்கு ஆசியாவின் கீழ்க்கரையில் அயலயலே கிடக்கும் இரு நாடுகள் தக்க சான்றாகும். ஒன்று குடாநாடாகிய கொரியா. மற்றையது தீவுக்கூட்டமாகிய யப்பான். இரண்டிலும் நிலப்பரப்பில் ஏறக்குறைய 70 வீதம் மலை. இரண்டிலும் நெல்லே முதன்மையான உணவுப் பயிர். எனினும், அயலாரின் படையெடுப்புக்கு ஒரு நாடு மீண்டும் மீண்டும் உள்ளாயிற்று. மற்றையது நெடுங்காலம் அந்நியர் ஆட்சியை அறியாதிருந்தது. இவ்வேற்றுமைக்கு நிலமும் நீரும் எவ்வளவு காரணம், மனிதர் எவ்வளவு காரணம் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதலிற் கொரியாவை நோக்குவோம். வடக்கே யாலு, துமென் என்னும் இரு ஆறுகள் அதன் எல்லை. அவற்றின் தலைப்பில் 2,744 மீற்றர் உயரமான பெக்து எரிமலை நிற்கிறது. தேபெக் மலைத்தொடர் கீழ்க்கரையை ஒட்டி முதுகெலும்பு போல நீள்கின்றது. ஆதலாற் கிழக்கே கரை செங்குத்தானது. பெரிய ஆறுகள் மேற்கும் தெற்கும் நோக்கி ஓடி, வயல்களை வளம்படுத்திக் கடலிற் கலக்கின்றன. மேற்குக் கரையிற் கடற்பெருக்கு வியக்கத்தக்கது. இஞ்சொன் துறையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே 9 மீற்றர் வரை வேறுபாடுண்டு. கடல் வற்றியதும் கண்ணுக்கெட்டிய தூரம் சேறே தோன்றும்.

யப்பானோ ஹொக்கைடோ, ஹொன்ஷு, ஷிகோகு, கியூஷு என்னும் நான்கு பெருந்தீவுகளையும் ஆயிரக்கணக்கான சிறு தீவுகளையும் உடையது. பூமியின் மேலோட்டுத் தட்டுகள் ஒன்றோடொன்று நெருக்கும் இடத்தில் அமைந்தமையால், எரிமலைகளும் பூமியதிர்ச்சிகளும் அந்நாட்டு மக்களின் வாழ்வோடு கலந்துவிட்டன. 3,776 மீற்றர் உயரமான பூஜி மலையும் ஓர் எரிமலையே. 1923 ஆம் ஆண்டு டோக்கியோவையும் யொக்கோஹாமாவையும் அழித்த பூமியதிர்ச்சியில் மாண்டோர் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர்.

இனிக் காற்றின் செயலைக் காண்போம். வாடையையும் சோளகத்தையும் அறிந்த நம் நேயர்களுக்கு, ஆண்டில் இருமுறை திசை மாறும் காற்று புதிதன்று. மாரியிலே சைபீரியாவின் உறைந்த சமவெளியிலிருந்து புறப்படும் காற்று, வறண்டும் குளிர்ந்தும் கொரியாவின் மீது வீசுகிறது. சியோல் நகரில் சனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழேயே உள்ளது. அதனாலன்றோ கொரியர், அடுப்புப் புகையை நிலத்தின் கீழே செலுத்தித் தரையைச் சூடாக்கும் ஒண்டோல் என்னும் முறையைப் பண்டே கண்டனர். அதே காற்று இடைக்கடலைக் கடக்கும்போது, அங்கே ஓடும் வெந்நீரோட்டத்தினின்றும் ஈரத்தை முகந்துகொள்கிறது. ஹொன்ஷுவின் நடுமலைகளில் மோதி, அவற்றின் மேற்குப் பக்கத்தில் அந்த ஈரத்தை வெண்பனியாகச் சொரிகிறது. அப்பக்கத்துத் தக்காடா என்னும் ஊரில் 1945 இல் 377 சென்றிமீற்றர் உயரத்துக்குப் பனி குவிந்தது. மலைக்கு அப்பால் உள்ள டோக்கியோவிலோ அக்காலத்தில் வானம் தெளிந்திருக்கும். கோடையில் காற்றுத் திரும்புகிறது. யூன், யூலை மாதங்களில் இரு நாடுகளிலும் நெடுமழை பெய்து நாற்று வளர்கிறது. அதன் பின்னர் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் தைபூன் என்னும் பெரும்புயல்கள் தென்கடலிலிருந்து எழுகின்றன.

இவ்விரு நாடுகளுக்கும் இடையே ஏறக்குறைய 200 கிலோமீற்றர் அகலமான நீரிணை உண்டு. அதன் நடுவே சுஷிமா என்னும் தீவு படிக்கல்லைப் போற் கிடக்கின்றது. நெல் விளைக்குங் கலை இவ்வழியே யப்பானை அடைந்தது. கி.பி. 6 ஆம் நூற்றாண்டிற் கொரியாவின் பேக்சே அரசிலிருந்து பௌத்தமும் இவ்வழியே சென்றது. அறிவு கடந்த இந்நீரிணையைப் படை கடத்தல் எளிதன்று.

13 ஆம் நூற்றாண்டிலே அது புலனாயிற்று. 1231 இல் மங்கோலியர் வடக்கேயிருந்து கொரியாவினுட் புகுந்தனர். அவர்தம் குதிரைப்படையைத் தடுக்க அகன்ற கடல் எதுவும் அங்கில்லை. அரசவை மட்டும் மேற்குக் கரையை அடுத்த கங்ஹ்வா தீவுக்குச் சென்று, வேகமான நீரோட்டத்தையும் சேற்று நிலத்தையும் அரணாகக் கொண்டு பல்லாண்டு நிலைத்தது. குடிகளோ பெருந்துயருற்றனர். பணிந்த பின்னரும் துயர் தீர்ந்திலது. யப்பானை வெல்ல விரும்பிய குப்ளாய் கான், கொரியரையே மரம் வெட்டவும் கப்பல் கட்டவும் பணித்தான். 1274 இற் சென்ற படை ஹக்காட்டா விரிகுடாவில் இறங்கிப் போரிட்டு விரைவில் திரும்பியது. புயலில் அகப்பட்டு 13,500 பேருக்கு மேற்பட்டோர் மீளவில்லை எனக் கொரிய வரலாற்று நூல் கூறும். 1281 இல் முன்னதினும் மிகப் பெரிய கடற்படை வந்தது. ஓகஸ்ட் மாதத்துத் தைபூன் அதனைச் சிதறடித்தது. யப்பானியர் அதனைத் தெய்வக்காற்று எனப் போற்றினர். எனினும் 1276 இல் அவர்கள் விரிகுடாவின் கரைநெடுகக் கல்மதில் எழுப்பியிருந்தனர் என்பதை மறத்தலாகாது. அம்மதிலும் வீரரும் பகைவரைக் கரையேறவிடாது தடுத்தமையாலேயே, கப்பல்கள் புயற்காலம் வரை கடலில் தங்க நேர்ந்தது.

நீர் ஒருவர்க்கே துணை நிற்பதன்று. 1592 இல் யப்பானியத் தலைவன் ஹிதேயோஷி 150,000 பேருக்கு மேற்பட்ட படையைப் புசான் துறைக்கு அனுப்பினான். ஏறக்குறைய இருபது நாளில் தலைநகர் வீழ்ந்தது. ஆனாற் கடலைக் காத்து நின்றவர் தளபதி யி சுன்-சின். தென்கரையின் எண்ணிறந்த தீவுகளையும் அவற்றின் இடையோடும் நீரையும் அவர் நன்கு கற்றிருந்தார். 1597 இல் மியொங்ன்யாங் என்னும் ஒடுங்கிய நீரிணையிலே, திசை மாறிப் பாயும் நீரோட்டத்தைத் துணையாகக் கொண்டு, 13 கப்பல்களால் 130 க்கு மேற்பட்ட கப்பல்களை எதிர்த்து வென்றார். கரையில் இருந்த யப்பானிய வீரரைக் கொரிய மாரியின் குளிரும் வாட்டிற்று. 1598 இல் இறுதிப் போரில் யி உயிர் நீத்தார். பகைவரும் நாடு நீங்கினர்.

அவர் காத்த கடல், நீராவிக் கப்பல்களும் பீரங்கிகளும் தோன்றிய பின்னர் முன்போல் அரணாக நிற்கவில்லை. 1910 இற் கொரியாவை யப்பான் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1945 வரை அவ்வாட்சி நீடித்தது. நீரிணையின் அகலம் குறைந்திலது; கடப்போரின் ஆற்றலே பெருகிற்று. 1950 செப்டெம்பரில் இஞ்சொன் துறையில் இறங்கிய ஐக்கிய நாடுகளின் படையும், கடற்பெருக்கின் நாளையும் நாழிகையையும் கணித்தே இறங்கியது.

ஆகவே மலையும் கடலும் காற்றும் ஒரு மக்களின் விதியை எழுதிவிடுவதில்லை. தம் நிலத்தையும் நீரையும் கற்றவர்க்கு அவை துணையாகும். கல்லாது அவற்றை நம்பியிருப்போரைக் கைவிடும். ஹக்காட்டாவின் கல்மதிலும் மியொங்ன்யாங்கின் நீரோட்டமும் உணர்த்தும் பாடம் இதுவே.