திரைக்குப் பின்னால் ஒரு பூட்டு

கணிப்பொறித் திரையில் தோன்றும் படங்களைத் தீட்டித் தருவது வரைகலை அட்டை. அதற்கு ஆணையிட 'டிரைவர்' என்னும் இயக்கு நிரல் வேண்டும். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், யாவரும் மூல நிரலைப் படிக்கக்கூடிய இயங்குதளம். அட்டையின் உள்ளமைப்பை விளக்கும் ஏடுகளையோ பல கம்பெனிகள் வெளியிடத் தயங்கின.

என்விடியா கம்பெனி லினக்சுக்கு நிரல் கொடுத்தது, மூலத்தைக் காட்டவில்லை. ஆகவே தன்னார்வலர் சிலர் 'நூவோ' என்ற பணியில் இறங்கினர். கம்பெனியின் நிரல் அட்டையின் பதிவகங்களில் எந்த எண்ணை எப்போது எழுதுகிறது என்று ஒற்றறிந்தனர். பாஷை தெரியாதவன் பேச்சைக் கேட்டே இலக்கணம் எழுதுவது போன்ற வேலை! 2010-இல் அவர்களுடைய நிரல் லினக்ஸின் மையக் கருவில் இடம்பெற்றது. ஆனால் பின்னர் வந்த அட்டைகள், கம்பெனி முத்திரையிட்ட உள்நிரலை மட்டுமே ஏற்றன. அவற்றை முழு வேகத்தில் ஓட்ட நூவோவால் இயலவில்லை.

ஏ.எம்.டி. வேறு வழியில் சென்றது. 2006-இல் ஏ.டி.ஐ. கம்பெனியை வாங்கி, மறு ஆண்டே அட்டைகளின் விவரங்களை வெளியிடத் தொடங்கியது. இன்டெலும் திறந்த நிரலையே தந்தது. லினக்ஸ் அன்பர்கள் வேகத்தைக் கேட்குமுன் 'யார் செய்த அட்டை?' என்று கேட்கலானது இதனால்தான்.

2012-இல் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய டோர்வால்ட்ஸ் என்விடியாவைக் கடுமையாக, ஏன், கொச்சையாகவே ஏசினார். 2022-இல் அக்கம்பெனியும் கருவில் இயங்கும் பகுதியின் மூலத்தைத் திறந்தது. படம் தீட்டும் நிரலை அப்போதும் திறக்கவில்லை.