பேதி உப்பின் வரலாறும் சிறுநீரகத்தின் கணக்கும்

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரை மதுரை மிஷன் வரலாற்றில் ஈடுபாடுடையோர் நன்கறிவர். புஷே பாதிரியார் 1697இல் அங்கே பணித்தளம் அமைத்தார். அதே ஆண்டில் லண்டனில் நெகேமியா குரூ என்ற மருத்துவரின் சிறு நூலொன்று ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதன் இலத்தீன் மூலம் 1695இல் வெளியானது. எப்சம் என்னும் ஊரின் கசப்பு நீரைக் காய்ச்சி எடுத்த உப்பைப் பற்றியது அந்நூல். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பேதுமில்லை. நாமறிந்த ஓர் ஆண்டைக் கொண்டு காலத்தை மனத்தில் இருத்திக்கொள்ளவே இதைக் குறிப்பிடுகிறோம். நம் முன்னோர் பேதி உப்பு என்று வாங்கி உண்டது அந்த உப்பைத்தான். வேதியியலார் அதனை மக்னீசியம் சல்பேட் என்பர்.

1808இல் ஹம்ப்ரி டேவி மக்னீசியத்தைத் தனிமமாகப் பிரித்துக் காட்டினார். எனினும் மருத்துவம் அதனை நெடுங்காலம் பேதி மருந்தாகவே அறிந்திருந்தது. குடல் அந்த உப்பை முழுவதும் உட்கொள்வதில்லை. எஞ்சியது நீரைத் தன்னோடு பிடித்துவைத்துக் கழிகிறது. உடலுக்குள் எவ்வளவு மக்னீசியம் இருக்கிறது, அந்த அளவை எது காக்கிறது என்ற கேள்விகள் பின்னரே எழுந்தன.

தமிழில் உடலியங்கியல் நூல்கள் அக்கேள்விகளுக்கு முன்பே தோன்றிவிட்டன. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 19ஆம் நூற்றாண்டிலேயே தம் மாணாக்கரோடு சேர்ந்து உடற்கூறு, உடலியங்கியல், வேதியியல் நூல்களைத் தமிழாக்கினார். 'மனுஷ அங்காதிபாதம்', 'மனுஷ சுகரணம்', 'கெமிஸ்தம்' என்பன அவற்றுட் சில. அந்நாளில் மக்னீசியச் சமநிலை என்ற கருத்து எம்மொழியிலும் உருவாகியிருக்கவில்லை.

அக்கருத்துக்கு வழி திறந்தது 1932இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு. குரூஸ், ஓரென்ட், மெக்கொல்லம் ஆகிய மூவரும் எலிகளுக்கு மக்னீசியம் நீக்கிய உணவைக் கொடுத்துப் பார்த்தனர். எலிகளின் தோல் சிவந்தது. அவை சிறு ஓசைக்கும் மிரண்டன. முடிவில் வலிப்புக் கண்டு இறந்தன. பேதிக்குக் கொடுத்த பொருள் உயிருக்கு இன்றியமையாதது என்பது ஐயமற விளங்கிற்று.

இன்று நாம் அறியும் கணக்கு வருமாறு. வளர்ந்த ஒருவர் உடலில் ஏறத்தாழ 25 கிராம் மக்னீசியம் உண்டு. அதில் பாதிக்கு மேல் எலும்பிலும், மீதியில் பெரும்பகுதி தசை முதலான திசுக்களிலும் உள்ளது. இரத்தத்தில் இருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. உணவிலிருப்பதில் மூன்றிலொரு பங்கையோ சற்று மிகுதியாகவோ குடல் ஏற்கிறது. உணவில் குறைந்தால் ஏற்கும் விகிதம் கூடுகிறது. சிறுநீரகம் நாளொன்றுக்குச் சுமார் 2400 மில்லிகிராமை வடிகட்டி, 100 மில்லிகிராமளவே வெளியேற்றுகிறது. மீட்கப்படுவதில் பெரும்பங்கு ஹென்லே வளைவின் ஏறுகுழாயில் மீள்கிறது. இறுதிச் சிறுபங்கை அதற்கடுத்த குழாய்ப்பகுதி கூட்டியும் குறைத்தும் கணக்கைச் சரிசெய்கிறது. சர்க்கரைக்கு இன்சுலின் போல மக்னீசியத்துக்கென்றே அமைந்த ஹார்மோன் ஏதும் அறியப்படவில்லை என்பது வியப்புக்குரியது.

இவ்வாயில்களை அடையாளம் காட்டியவர்கள் நோயுற்ற குழந்தைகள். சிறுநீரில் மக்னீசியத்தை இழக்கும் ஒரு பரம்பரை நோயை ஆராய்ந்தபோது, 1999இல் ஏறுகுழாயின் புரதமொன்று தெரியவந்தது. பிறந்த சில வாரங்களிலேயே வலிப்புக் காணும் வேறு குழந்தைகளுக்குக் கால்சியம் கொடுத்தும் பயனில்லை. இரத்தத்தில் மக்னீசியம் மிகக் குறைந்தால் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு ஹார்மோன் சுரப்பதும் தடைப்படுகிறது. அந்நோய்க்குக் காரணமான மரபணுவை 2002இல் இரு ஆய்வுக் குழுக்கள் கண்டன. குடலிலும் சிறுநீரகத்திலும் மக்னீசியத்தை உள்ளே விடும் வாயில் அது. மக்னீசியத்தை நாள்தோறும் மிகுதியாகக் கொடுத்தால் அக்குழந்தைகள் பிழைத்து வளர்கின்றனர்.

இனிப் பிரசவ அறைக்கு வருவோம். கருவுற்ற பெண்ணுக்கு இரத்த அழுத்தம் மிகுந்து வரும் வலிப்பைச் சன்னி என்று நம் ஊர்களில் அஞ்சினர். மக்னீசியக் குறைவால் வருவதன்று அது. ஆயினும் மக்னீசியம் சல்பேட் அதனை அடக்குமென்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சிலர் கண்டனர், ஏற்காதவர் பலர். இந்தியாவும் பங்கேற்று 1995இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு 1687 பெண்களைக் கொண்டு வழக்கைத் தீர்த்தது. மீண்டும் வலிப்பு வரும் வாய்ப்பு, டயசிபாம் பெற்றவர்களைவிட இம்மருந்து பெற்றவர்களுக்கு 52 சதவீதமும், ஃபெனிட்டாயின் பெற்றவர்களைவிட 67 சதவீதமும் குறைந்திருந்தது.

ஊசிவழிச் செல்லும் உப்புக்குக் குடலின் தடை இல்லை. மிகுதியை வெளியேற்றும் பொறுப்பு முழுவதும் சிறுநீரகத்தின் மேல் விழுகிறது. அளவு மீறினால் முதலில் முழங்கால் அனிச்சை மறையும். பின்னர் மூச்சு ஒடுங்கும். ஆகவே அடுத்த தவணைக்கு முன் செவிலியர் மூன்றைப் பார்க்கிறார்: முழங்காலைத் தட்டினால் கால் அசைகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல் உள்ளதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லிலிட்டருக்குக் குறையாமல் இறங்குகிறதா. மாற்று மருந்தாகக் கால்சியம் குளுக்கோனேட் அருகிலேயே ஆயத்தமாயிருக்கும்.

உடலின் கணக்கு அறியப்படாத நாளில் இதே உப்பைச் செலுத்தத் துணிந்தவர்கள் இருந்தனர், அஞ்சியவர்களும் இருந்தனர். இருசாராரையும் குறை கூறுவதற்கில்லை. துணிவும் அச்சமும் அளவாகச் சேர்ந்த இடத்தில்தான் அந்த மூன்று கேள்விகளும் பிறந்தன. எளிய சுகாதார நிலையத்திலும் கேட்கக்கூடிய அக்கேள்விகளால் தாய்மார் பிழைக்கின்றனர்.