தமிழ்ப்பள்ளி வரலாற்றைக் கலைக்களஞ்சியத்தில் பதிவது எப்படி? ஜொகூர் பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஜொகூர் மாநிலத்தில் இன்று ஏறக்குறைய 70 தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. இவற்றில் பல, ரப்பர் தோட்டத்து லயங்களுக்குப் பக்கத்தில் பலகைக் கொட்டகைகளாகத் தொடங்கியவை. தோட்டம் கைமாறி, பால்மரம் செம்பனையாகி, செம்பனையும் வீடமைப்புப் பகுதியான பிறகு, அந்தத் தோட்டம் இருந்ததற்கு அடையாளமாகப் பள்ளியின் பெயர் மட்டுமே மிஞ்சுகிறது. ஜொகூர் பாருவின் பரபரப்பான வட்டாரங்களுள் ஒன்றான மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் தோட்டம். அங்குள்ள தமிழ்ப்பள்ளி இன்றும் 'மவுண்ட் ஆஸ்டின் தோட்டம்' என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது.

2003-ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிய கட்டுரைகள் பல உள்ளன. பள்ளியின் வரலாற்றைத் தேடும் மாணவரும் பெற்றோரும் முதலில் பார்ப்பது அதைத்தான். அங்கே ஓர் ஆண்டு தவறாகப் பதிவானால் அது ஆண்டு விழா மலருக்குப் போகும், மலரிலிருந்து கல்வெட்டுக்குப் போகும். பிறகு அந்த மலரையே சான்றாகக் காட்டி, கலைக்களஞ்சியத்தில் அதே தவறு உறுதி செய்யப்படும். இந்தச் சுழலில் சிக்காமல் ஒரு பள்ளியைப் பற்றி எழுதுவதற்கான முறைகள் கீழே.

எது சான்றாகும்?

கலைக்களஞ்சியத்தின் அடிப்படை விதி எளியது: எழுதியவருக்குத் தெரியும் என்பது போதாது, படிப்பவரும் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஆகவே, வெளியிடப்பட்ட சான்று தேவை. நாளிதழ்ச் செய்தி, அரசு அறிக்கை, ஆய்வு நூல் ஆகியவை பள்ளியைச் சாராத சான்றுகள். பள்ளி மலரும் பள்ளி வாரியத்தின் அறிக்கையும் பள்ளி தன்னைப் பற்றித் தானே சொல்வது. தலைமையாசிரியர் பட்டியல், கட்டடம் திறந்த நாள் போன்ற எளிய தகவல்களுக்கு அவை உதவும். 'மாநிலத்திலேயே சிறந்த பள்ளி' என்பதற்கு உதவா.

ஒரு பள்ளி இருக்கிறது என்பதாலேயே அதற்குத் தனிக் கட்டுரை கிடைத்துவிடாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் பல தொடக்கப்பள்ளிகளின் கட்டுரைகள் அந்தந்த ஊரைப் பற்றிய கட்டுரையோடு இணைக்கப்படுகின்றன. பள்ளியைச் சாராதவர்கள் அதைப் பற்றி விரிவாக எழுதியிருந்தால்தான் தனிக் கட்டுரை நிலைக்கும்.

தொடக்க ஆண்டு: முதல் சிக்கல்

1957-இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்ததாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. இன்றைய எண்ணிக்கை ஏறக்குறைய 530. குறைந்தவற்றுள் பல பிற பள்ளிகளோடு இணைந்தவை. சிகாமட் மாவட்டத்தில் சாஆ நகரிலுள்ள பள்ளியின் பெயரிலேயே 'சந்துமான்' என்ற மலாய்ச் சொல் இருக்கிறது. 'இணைப்பு' என்பது அதன் பொருள்.

இணைந்த பள்ளிக்கு எது தொடக்க ஆண்டு? மூத்த பள்ளி தொடங்கிய ஆண்டா, இணைந்த ஆண்டா, புதுக் கட்டடத்துக்கு மாறிய ஆண்டா? ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து எழுதினால் மற்ற தோட்டங்களின் கதை அழிந்துவிடும். பள்ளி தொடங்கியது, பதிவானது, இணைந்தது, இடம் மாறியது ஆகிய ஒவ்வொன்றுக்கும் உள்ள ஆண்டைத் தனித்தனியே, அதற்குரிய சான்றோடு எழுதுவதே சரி.

வகுப்புக்கும் பள்ளிக்கும் உள்ள வேறுபாடும் முக்கியம். 'மலேசியாவின் முதல் தமிழ்ப்பள்ளி 1816-இல் தொடங்கியது' என்று பலரும் எழுதுகிறார்கள். அந்த ஆண்டு பினாங்கில் பாதிரியார் ஹட்சிங்ஸ் நிறுவியது பினாங்கு ஃபிரீ ஸ்கூல். தமிழ் கற்பிக்கப்பட்டது அதன் ஒரு பிரிவில். 2016-இல் கொண்டாடப்பட்டது தமிழ்க் கல்வியின் 200-ஆம் ஆண்டு. ஒரு சொல் மாறினால் பொருளே மாறிவிடுகிறது.

சட்டத்தைச் சொல்லும்போது

7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. பள்ளி மலர்கள் பலவற்றில் இந்தச் செய்தி இடம்பெறும். ஆனால், அது கூட்டரசு மலாய் மாநிலங்களான பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகியவற்றின் சட்டம். ஜொகூர் அந்தக் கூட்டரசில் சேராத மாநிலம். ஜொகூர்ப் பள்ளி ஒன்று அந்தச் சட்டத்தால் பிறந்தது என்று எழுதுவதற்கு முன், அதற்கு ஜொகூர் மாநிலச் சான்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய படமும் தாளும் சொல்பவை

பள்ளி அலமாரியில் நாள் குறிப்பிடாத படங்களும் கடிதங்களும் கிடைக்கும். அவற்றின் காலத்தைக் கணிக்கச் சில அடையாளங்கள் உண்டு.

பெயர்ப்பலகையில் 'எஸ்.ஆர்.ஜே.கே.' என்றிருந்தால், அது பெரும்பாலும் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்கு முந்தையது. இன்றைய 'எஸ்.ஜே.கே.' என்ற வடிவம் அதற்குப் பிறகு நிலைத்தது. மலாய் எழுத்துக்கூட்டல் 1972-இல் மாற்றப்பட்டதால், பழைய எழுத்துக்கூட்டலும் ஒரு குறிப்பே. பணத்தைக் குறிக்கும் 'ஆர்.எம்.' என்ற அடையாளம் 1993-இல்தான் வந்தது. 1950-களின் நன்கொடைப் பட்டியலில் அது இருந்தால், அந்தத் தாள் பிற்காலத்தில் படியெடுக்கப்பட்டது. அதனால் அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மூலத்தைத் தேட வேண்டும்.

மாவட்டப் பெயரும் குழப்பும். கூலாயும் லேடாங்கும் 2008-இல் தனி மாவட்டங்களாயின. அதற்கு முன் கூலாய் ஜொகூர் பாரு மாவட்டத்திலும், லேடாங் மூவார் மாவட்டத்திலும் இருந்தன. லேடாங் பின்னர் தங்காக் எனப் பெயர் மாறியது. ஆகவே, பழைய அறிக்கையில் 'மூவார் மாவட்டம்' என்றும் இன்றைய பட்டியலில் 'தங்காக்' என்றும் இருப்பது ஒரே பள்ளியாக இருக்கலாம். ஒரே பெயரில் இரு பள்ளிகள் இருந்தால் கல்வி அமைச்சின் பள்ளிக் குறியீட்டைப் பார்க்க வேண்டும். ஜொகூர்த் தமிழ்ப்பள்ளிகளின் குறியீடு 'ஜே.பி.டி.' என்ற மூன்று எழுத்துகளோடு தொடங்கும்.

எங்கே தேடுவது?

சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை மின்னுருவாக்கி இணையத்தில் வைத்துள்ளது. 1935-இல் தொடங்கிய தமிழ் முரசும், ஆங்கில நாளிதழ்களும் அதில் உண்டு. பாலத்துக்கு அப்பால் இருந்தாலும் ஜொகூர்த் தோட்டச் செய்திகளை அவை வெளியிட்டன. 1924 முதல் 2019 வரை கோலாலம்பூரிலிருந்து வெளிவந்த தமிழ் நேசனின் பழைய இதழ்களும் பயன்படும். தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜொகூர் அரசின் பழைய கோப்புகளைக் கேட்டுப் பார்க்கலாம். தேடும்போது தோட்டத்தின் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், நிறுவனத்தின் பெயர் மூன்றையும் தேட வேண்டும். தொழிலாளர்கள் வழங்கிய பெயர் ஒன்றாகவும் துரையின் புத்தகத்தில் இருந்த பெயர் வேறாகவும் இருந்தது சாதாரணம்.

1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சிக் காலத்துக்குத் தாள் கிடைப்பது அரிது. தோட்டத்து ஆண்கள் பலர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட காலம் அது. அந்த இடைவெளியை ஊகத்தால் நிரப்பக் கூடாது.

பெரியவர்களின் நினைவு

முன்னாள் மாணவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், கிராணி வேலை பார்த்தவர் ஆகியோர் சொல்வது விலை மதிப்பற்றது. ஆனால், அச்சேறாத பேச்சைக் கலைக்களஞ்சியம் நேரடியாக ஏற்காது. அதற்காகக் காத்திருந்தால் சொல்வதற்கு ஆள் இருக்க மாட்டார்கள். அவர் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, நாளும் இடமும் குறித்து, பள்ளி மலரிலோ நாளிதழிலோ வெளியிட்டால் அது மேற்கோள் காட்டத்தக்கதாகும். ஆண்டைக் கேட்பதைவிட, 'மெர்டேக்காவுக்கு முன்பா, பின்பா? அப்போது நீங்கள் எத்தனையாவது வகுப்பு?' என்று கேட்டால் பதில் துல்லியமாகக் கிடைக்கும். நாற்காலியில் பெயர் எழுதி வைத்தவர் யார், மணி எங்கே தொங்கியது என்பவை மலருக்கு உரியவை. ஆண்டும் இடமும் கட்டுரைக்கு உரியவை.

எண்களும் முரண்பாடுகளும்

மாணவர் எண்ணிக்கையை எழுதினால் எந்த ஆண்டு, எந்த மாதக் கணக்கு என்பதும் சேர வேண்டும். 150-க்கும் குறைவான மாணவர் உள்ள பள்ளி 'குறைந்த மாணவர் பள்ளி' என வகைப்படுத்தப்படுகிறது. பழைய எண்ணை மாற்றாமல் விட்டால் பெற்றோர் தவறான முடிவெடுக்கக்கூடும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டதால், அதன் தேர்ச்சி விகிதத்தை இறந்த காலத்தில், ஆண்டோடு எழுத வேண்டும். மாணவர்களின் பெயரும் படமும் வேண்டாம்.

இரண்டு சான்றுகள் இரண்டு ஆண்டுகளைச் சொன்னால், ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மறைப்பது தவறு. 'பள்ளி மலர் ஓர் ஆண்டையும், அக்கால நாளிதழ் வேறோர் ஆண்டையும் தருகின்றன' என்று இரண்டையும் குறிப்பிட வேண்டும். நூற்றாண்டு விழாவுக்கு நாள் குறித்துவிட்ட பள்ளி வாரியத்துக்கு இது சங்கடமாக இருக்கலாம். ஆனால், இரண்டு ஆண்டுகளும் பதிவில் இருந்தால்தான் பின்னால் வருபவர் தேடலைத் தொடர முடியும். பள்ளி நிலம் யாருடையது, எந்தத் தோட்டம் அதைக் கொடுத்தது என்ற கேள்வி எழும் நாளில், ஊகத்தில் எழுதிய வரி யாருக்கும் உதவாது.