சிவப்புப் புள்ளியின் வரலாறு

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது கஜா புயல். திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களைப் புரட்டிப் போட்டுவிட்டு புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் நுழைந்தபோதும் அதன் வேகம் குறையவில்லை. ஆலங்குடி, கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு, நெடுவாசல் என்று தென்னையும் பலாவும் செழித்த பகுதி முழுவதும் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. மரங்களோடு சேர்ந்து மின்கம்பங்களும் விழுந்தன. பாதிக்கப்பட்ட மாவட்டங்கள் அனைத்திலும் சேர்த்து விழுந்த கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். மின்சாரம் போனதால் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார்கள் நின்றன, குடிநீர் நின்றது. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து வந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிய ஊர்கள் பல. செல்பேசிக் கோபுரங்களில் பேட்டரி தீர்ந்தது. டீசல் கொண்டுபோகலாம் என்றால் சாலையெங்கும் மரம். வெளியூரில் இருந்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கக்கூட வழியில்லாமல் போனது.

தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அறைகளில் பெரிய திரைகள் இருக்கும். திரையில் ஒரு வரைபடம். அதில் ஒவ்வொரு கோபுரமும், ஒவ்வொரு இணைப்பகமும் ஒரு புள்ளி. பச்சை என்றால் வேலை செய்கிறது. சிவப்பு என்றால் இல்லை. புள்ளியைச் சொடுக்கினால் அதன் விவரம் விரியும். அங்கிருந்தே சில கட்டளைகளையும் கொடுக்கலாம். இன்று இணைய வசதி இருக்கும் எந்த மேசையிலும் இப்படி ஒரு திரையைத் திறந்து வைத்துக்கொள்ள முடியும். ஆனால் ஒரு மாவட்டமே சிவப்பாகும்போது அந்தத் திரை உண்மையில் என்ன சொல்கிறது? "பதில் வரவில்லை" என்று மட்டும்தான் சொல்கிறது. ஏன் வரவில்லை என்பது வேறு கேள்வி. இந்த வகை வரைபடங்களின் வரலாறு முழுவதும் அந்த "ஏன்" என்ற கேள்விக்குப் பின்னால் ஓடிய ஓட்டம்தான்.

தந்திக் கம்பியும் தண்டவாளமும்

இந்தியாவில் தந்திக் கம்பிகள் 1850களில் ஊர் ஊராக நீண்டன. 1855இல் பொதுமக்களுக்கும் சேவை திறந்துவிடப்பட்டது. நூற்றுக்கணக்கான மைல் காட்டிலும் மேட்டிலும் போகும் கம்பி எங்கோ ஓரிடத்தில் தரையைத் தொட்டுவிட்டால், அதைத் தேடி ஆள் அனுப்புவது எப்படி? இதற்குத் தந்திப் பொறியாளர்கள் கண்ட வழி அழகானது. ஒரு மைல் கம்பிக்கு இவ்வளவு மின்தடை என்பது தெரியும். வீட்ஸ்டன் பாலம் என்ற கருவியைக் கொண்டு பழுதான கம்பியின் தடையை அலுவலகத்தில் இருந்தபடியே அளந்தால், பழுது எத்தனையாவது மைலில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். சுவரில் தொங்கும் கம்பிப்பாதை வரைபடத்தில் அந்த மைலைப் பார்த்து, அதற்கு அருகில் இருக்கும் ஆளை அனுப்பினார்கள். வரைபடம் அசையவில்லை, ஒளிரவில்லை. ஆனாலும் இன்றைய திரை செய்யும் வேலையில் பாதியை அது அன்றே செய்தது.

மறு பாதியைச் செய்தவர்கள் ரயில்வேக்காரர்கள். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929இல் ரயில் வந்தது. மறு ஆண்டு பாதை மானாமதுரை வரை நீண்டது. ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் புகுந்துவிடக் கூடாது. இப்படிப்பட்ட பாதைகளில் இரண்டு நிலையங்களின் கருவிகளும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கும். ஒரு டோக்கன் வெளியே எடுக்கப்பட்டுவிட்டால், அது உள்ளே திரும்பும்வரை அடுத்த டோக்கன் வராது. பாதையின் நிலை அந்தக் கருவியிலேயே இருந்தது. இதன் அடுத்த கட்டமாக 1930களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் புதுவகைப் பலகை ஒன்று வந்தது. பலகையில் நிலையத்தின் தண்டவாளப் படம் வரையப்பட்டிருக்கும்; வண்டி நிற்கும் இடத்தில் விளக்கு எரியும். வண்டி நுழையும் இடத்தில் ஒரு பொத்தான், போய்ச்சேர வேண்டிய இடத்தில் ஒரு பொத்தான். இரண்டையும் அழுத்தினால் இடையில் உள்ள பாதை தானாக அமைந்து சிக்னல் விழும். படத்தைப் பார்ப்பதும் படத்தைத் தொட்டு வேலையை நடத்துவதும் ஒரே இடத்தில் நிகழ்ந்தது அங்கேதான். கணினித் திரைகள் இந்த இடத்துக்கு வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

அதே 1930களில் இலண்டனில் ஹாரி பெக் என்ற வரைவாளர் சுரங்க ரயிலுக்கு ஒரு படம் வரைந்தார். 1933இல் அது அச்சாகிப் பயணிகளின் கைக்கு வந்தது. உண்மையான தூரத்தையும் வளைவுகளையும் தூக்கி எறிந்துவிட்டு, எந்த நிலையம் எதனோடு இணைகிறது என்பதை மட்டும் நேர்கோடுகளால் காட்டினார். வலையமைப்பை இடம் சார்ந்து வரைவதா, இணைப்பு சார்ந்து வரைவதா என்ற விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. பயணிக்குப் பெக்கின் படம் போதும். மண்வெட்டியோடு போகிறவருக்கு அது உதவாது.

அமெரிக்காவே சிவந்த நாள்

தொலைபேசி வலையமைப்பு முழுவதையும் ஒரே அறையில் இருந்து பார்க்கும் எண்ணம் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனத்தில் உருவானது. 1962இல் நியூயார்க்கில் ஒரு கட்டுப்பாட்டு மையம், பிறகு 1977இல் நியூஜெர்சியின் பெட்மின்ஸ்டரில் அதைவிடப் பெரியது. இதற்கிடையே 1969இல் நான்கு கணினி மையங்களோடு தொடங்கிய அர்ப்பாநெட் வலையமைப்பும் தன் முடிச்சுகளின் உடல்நிலையைத் தொலைவிலிருந்தே கவனித்தது. ஒவ்வொரு முடிச்சிலும் இருந்த சிறு கணினி, குறித்த இடைவெளியில் தன் நிலையை மசாசூசெட்ஸில் இருந்த மையத்துக்கு அறிவிக்கும். கலிபோர்னியாவில் தொலைபேசிக் கம்பி பழுதானால், நாட்டின் மறுகோடியில் உள்ள இந்த மையத்திலிருந்து, "உங்கள் கம்பி அறுந்திருக்கிறது" என்று தொலைபேசி நிறுவனத்துக்கே தகவல் போகும். தங்கள் கம்பி தங்களுக்கு முன்பே வேறு யாருக்கோ தெரிந்துவிடுவது கண்டு அந்த ஊழியர்கள் திகைத்துப் போனார்களாம்.

திகைப்பு மறுபக்கமும் வந்தது. 1990 ஜனவரி 15, பிற்பகல் 2.25. பெட்மின்ஸ்டர் மையத்தின் சுவரில் இருந்த 75 திரைகளில் சிவப்புக் குறிகள் தோன்ற ஆரம்பித்தன. நியூயார்க்கில் ஒரு இணைப்பகம் சிறு கோளாறு கண்டு, தன்னைத் தானே சில விநாடிகளில் சரிசெய்துகொண்டு, "நான் திரும்பி வந்துவிட்டேன்" என்று அண்டை இணைப்பகங்களுக்குத் தகவல் அனுப்பியது. சில வாரங்களுக்கு முன் ஏற்றப்பட்ட மென்பொருளில் ஒரு வரி தவறு. அந்தத் தகவலை வாங்கிப் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த தகவலும் வந்தால், வாங்கிய இணைப்பகமே விழுந்து எழும். எழுந்தவுடன் அதுவும் "நான் திரும்பி வந்துவிட்டேன்" என்று சொல்லும்; கேட்டவை விழும். இப்படியே நாடெங்கும் இருந்த 114 இணைப்பகங்களும் ஒன்றையொன்று தட்டிவிட்டன. ஒன்பது மணி நேரம். ஏறக்குறையப் பாதி அழைப்புகள் போய்ச்சேரவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வரைபடம் பொய் சொல்லவில்லை. எது விழுகிறது, எது எழுகிறது என்று சரியாகவே காட்டியது. ஆனால் கம்பி அறுந்ததா, கருவி எரிந்ததா என்று தேடிப் பழகிய கண்களுக்கு அந்தச் சிவப்பில் எந்த அர்த்தமும் கிடைக்கவில்லை. இணைப்பகங்களுக்கு இடையே ஓடும் தகவல்களின் எண்ணிக்கையைக் குறைத்த பிறகுதான் எல்லாம் அடங்கியது.

கண்மாய் காய்ந்தால் யாரைக் கேட்பது?

1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பவர் "பிங்" என்ற சிறு நிரலை எழுதினார். நீர்மூழ்கியைத் தேட ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பார்களே, அதே உத்தி. 1988இல் எஸ்.என்.எம்.பி. என்ற பொதுவான நெறிமுறை வந்தது. எந்த நிறுவனத்தின் கருவியானாலும் ஒரே மொழியில் நலம் விசாரிக்க முடிந்தது. அதன் பின் வரைபடத் திரைகள் பெருகின. 1990களில் விலை உயர்ந்த மென்பொருள்கள் தாமாகவே வலையமைப்பைத் துழாவிப் படம் வரைந்து வண்ணம் பூசின. 1999இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளியாகிப் பின்னர் நாகியோஸ் என்று பெயர் மாறிய திறமூல மென்பொருள், அதே வசதியைக் காசில்லாமல் கல்லூரி ஆய்வகங்களுக்கும் கொண்டு வந்தது. 2005இல் கூகுள் மேப்ஸ் வந்தபின், புள்ளிகளை உண்மையான ஊர்கள் மீதே வைத்து, இழுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது எல்லோருக்கும் சாத்தியமாயிற்று.

நாகியோஸில் இருந்த ஒரு சிறு ஏற்பாடு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஒவ்வொரு கருவிக்கும் அதன் "தாய்" யார் என்று எழுதி வைக்கலாம். தாய் ரவுட்டர் விழுந்துவிட்டால், அதற்குப் பின்னால் இருக்கும் ஐம்பது கருவிகளையும் "விழுந்துவிட்டன" என்று அது அலறாது. "எட்ட முடியவில்லை" என்று தனியாகக் குறிக்கும். விழுந்ததற்கும் எட்ட முடியாததற்கும் உள்ள வேறுபாட்டைப் புதுக்கோட்டைச் சீமை விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய ஆறுகளின் பாசனம் குறைவான இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கண்மாய்களும் ஏரிகளும் சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. மேல் கண்மாய் நிரம்பிக் கலிங்கு வழிந்தால் அந்த நீர் வரத்து வாரி வழியாகக் கீழ்க் கண்மாய்க்கு வரும். கீழ்க் கண்மாய் காய்ந்து கிடந்தால் அதன் கரையைக் குறை சொல்லிப் பயனில்லை. மேலே நிரம்பவில்லையா, நடுவில் வாரி தூர்ந்துவிட்டதா, யாராவது அடைத்துவிட்டார்களா என்று வாரியோடு மேலே நடந்து போய்ப் பார்க்க வேண்டும். எந்தக் கண்மாய்க்கு எது தாய் என்பது ஊரில் தெரியும். ஆளில்லாமல், கேள்வி இல்லாமல் வாரிகள் மறைந்த இடங்களில்தான் அது மறந்தும் போனது.

மறுபடியும் அந்த இரவு

இப்போது புதுக்கோட்டை நகரில் பல வீடுகளுக்குக் கண்ணாடி இழையில் இணையம் வருகிறது. அந்தப் பெட்டியில் "எல்.ஓ.எஸ்." என்று ஒரு விளக்கு உண்டு. அது சிவப்பாக மின்னினால் இழையில் ஒளி வரவில்லை என்று பொருள். இந்தத் தொழில்நுட்பத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. வீட்டில் மின்சாரம் போகும்போது, பெட்டிக்குள் மிச்சமிருக்கும் துளி மின்சாரத்தில் அது கடைசியாக ஒரு செய்தியை அனுப்பிவிட்டு அணையும். பொறியாளர்கள் இதற்கு வைத்த பெயர் "சாகும் மூச்சு". மூச்சு வந்தபின் அமைதி என்றால் மின்வெட்டு. மூச்சே வராமல் அமைதி என்றால் இழை அறுந்திருக்கிறது. "ஏன்" என்ற கேள்விக்கு ஒரு வழியாக வரைபடமே விடை சொல்லக் கற்றுக்கொண்டது எனலாம்.

ஆனால் புயல் வரும் இரவில் இந்த விடை செல்லாது. புயல் கரையைத் தொடும் முன்பே பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவது தமிழ்நாட்டில் வழக்கம். அப்போது பெட்டிகள் எல்லாம் ஒருசேரக் கடைசி மூச்சை விட்டு அடங்கிவிடும். திரையில் மாவட்டம் முழுவதும் "மின்வெட்டு" என்றே தெரியும். அதற்குப் பிறகு மரம் விழுந்து இழை அறுந்தால், அதைச் சொல்ல அங்கே விழித்திருக்கும் பெட்டி எதுவும் இல்லை. மின்சாரம் திரும்பிய பிறகுதான் எத்தனை அறுந்திருக்கின்றன என்பது தெரியவரும். கஜாவுக்குப் பின் பல கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரங்கள் ஆயின. கேரளம் முதலிய வெளிமாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள்.

ஊராட்சிதோறும் கண்ணாடி இழை கொண்டு செல்லும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2011இல் ஒப்புதல் தந்தது. 2015இல் அதன் பெயர் பாரத்நெட் ஆனது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்க மாநில அரசு டான்ஃபிநெட் என்ற தனி நிறுவனத்தை அமைத்தது. 2019 உள்ளாட்சித் தேர்தலின்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்த ஊராட்சிகள் 497. இந்தத் திட்டத்தில் இழையின் பெரும்பகுதி மண்ணுக்குள் போகவில்லை; மின்கம்பங்களின் மீது போகிறது. செலவு குறைவு, வேலை வேகம் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் மின்சாரமும் இழையும் ஒரே கம்பத்தை நம்பி நிற்கின்றன. வலையமைப்பை வளையமாக இணைத்தால் ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்கமாகச் சுற்றிப் போய்விடலாம். கஜா போன்ற புயல் ஓரிடத்தில் மட்டும் அறுத்துவிட்டுப் போவதில்லை.

அறுந்த இடத்தைத் தேட இப்போது ஓ.டி.டி.ஆர். என்ற கருவி இருக்கிறது. இழைக்குள் ஒரு ஒளித்துடிப்பை அனுப்பி, அது எதிரொளித்துத் திரும்ப ஆகும் நேரத்தைக் கொண்டு, பழுது எத்தனை கிலோமீட்டரில் என்று சொல்லும். தந்திக்காரர்கள் தடையை அளந்த அதே யோசனை. மின்சாரத்துக்குப் பதில் ஒளி. அது காட்டுவது இழையின் நீளம், சாலையின் நீளம் அல்ல. பின்னால் உதவும் என்று பல இடங்களில் இழையைச் சுருட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அதுவும் கணக்கில் சேரும். எந்தக் கம்பத்தில் எத்தனை மீட்டர் சுருள் என்ற பதிவு இருந்தால் வரைபடத்தில் சரியான கம்பத்தையே சொடுக்கிக் காட்டலாம். புயலுக்குப் பின் அவசரத்தில் பத்தடி தள்ளிப் புதுக் கம்பம் நட்டு, கிடைத்த இழையை ஒட்டுப்போட்டு, அதை யாரும் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், அடுத்த பழுதின்போது லைன்மேன் பைக்கை நிறுத்திவிட்டுக் கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்தபடி நடக்க வேண்டியதுதான்.