நூலோர் பாலமும் நாடோடியர் பாலமும்

புதிதாக ஒரு மொழியைக் கற்கப் புகுவார்க்கு இலக்கணம் வாயில் எனின், சொல்வளம் அவ்வீட்டின் உள்ளறை எனலாம். வாயிலைக் கடத்தல் சில திங்களில் கைகூடும். உள்ளறையில் அமர்ந்து வீட்டாரோடு உரையாடுதற்கோ ஆண்டுகள் பல வேண்டும். ஸ்பானிய மொழியினர் ஆங்கிலச் சொற்களைத் தேடிய வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். அவ்விரு மொழிகளுக்கும் இடையே இரு பாலங்கள் உண்டு. ஒன்று கற்றறிந்தோர் அமைத்தது. அகராதிகள் அதனைப் போற்றிக் காத்தன. மற்றொன்று இரு நாட்டாராலும் இகழப்பட்ட நாடோடி மக்கள் தம் நாவால் அமைத்தது. அகராதிகள் அதனை நெடுங்காலம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பகைமையில் பிறந்த அகராதி

1588இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பு இங்கிலாந்தின்மீது பெருங்கடற்படையை ஏவினார். அப்போரில் கப்பலோடு சிறைப்பட்ட தளபதிகளுள் பேதுரோ தெ வால்தேஸ் என்பவரும் ஒருவர். அவர் இங்கிலாந்தில் சிறையிருந்த காலத்தே, ரிச்சர்டு பெர்சிவல் என்னும் ஆங்கிலேயர் ஸ்பானியச் சொற்களைத் தொகுத்துக்கொண்டிருந்தார். தம் தொகுப்பை அவர் அச்சிறைக் கைதியின் துணையோடு சரிபார்த்தார். 1591இல் வெளிவந்த அந்நூலில் ஸ்பானியச் சொற்களுக்கு ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் பொருள் தரப்பட்டிருந்தது. எட்டாண்டு கழித்து, 1599இல், ஜான் மின்ஷு என்பவர் அதனை விரித்து, ஆங்கிலத்திலிருந்து ஸ்பானியத்துக்குச் செல்லும் பகுதியையும் சேர்த்தார். போர்க்களத்தில் எதிர்நின்ற இரு மொழிகள் ஒரே நூலின் பக்கங்களில் அருகருகே அமர்ந்தன.

எனினும் இந்நூல்கள் ஆங்கிலேயர் ஸ்பானியம் கற்கவே எழுந்தவை. அந்நாளில் ஸ்பெயினே பேரரசு; ஆங்கிலம் ஒரு தீவின் மொழி. பேரரசின் மக்கள் தீவின் மொழியைத் தேடிக் கற்க வேண்டிய தேவை மிகுதியாக இல்லை. காலம் மாறியது. 18ஆம் நூற்றாண்டில் வாணிகமும் கடலாட்சியும் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தன. 1706இல் ஜான் ஸ்டீவன்சும், 1740இல் பேதுரோ பினேதாவும், 1763இல் தெல்பினோவும் பெரும் அகராதிகளை இலண்டனில் வெளியிட்டனர். கற்கும் திசையும் மெல்ல மாறலாயிற்று. 1810இல் செவீயாவிலிருந்து இலண்டனுக்கு வந்து குடியேறிய பிளாங்கோ ஒயிட் என்னும் பாதிரியார், 1822இல் ஸ்பெயினைப் பற்றிய மடல்களை ஆங்கிலத்திலேயே நூலாக்கினார். பின்னர் அவர் ஆங்கிலத்தில் யாத்த செய்யுள் ஒன்று கோல்ரிட்ஜ் போன்ற பெரும்புலவரின் பாராட்டையும் பெற்றது.

விலையின்றிக் கிடைத்த சொற்கள்

பிளாங்கோ ஒயிட் போன்றோர்க்கு ஆங்கிலத்தின் உயர்நடை கைவந்ததற்கு ஒரு காரணம் மொழிவரலாற்றிலேயே உண்டு. 1066இல் நார்மன் மன்னர் இங்கிலாந்தை வென்றபின், பிரெஞ்சுச் சொற்களும் அவற்றைத் தொடர்ந்து இலத்தீன் சொற்களும் ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்திற் புகுந்தன. ஸ்பானியமோ இலத்தீனின் மகள். ஆதலின் ஆங்கிலேயர் ‘லிபர்டி’ என்பதை ஸ்பானியர் ‘லிபெர்தாத்’ என்பர். ‘யுனிவர்சிட்டி’ என்பதை ‘உனிவெர்சிதாத்’ என்பர். ஓர் ஈற்றை மற்றோர் ஈறாக மாற்றத் தெரிந்த மாணவனுக்கு ஒரே பொழுதில் நூற்றுக்கணக்கான சொற்கள் கைவந்துவிடுகின்றன. இதுவே நூலோர் அமைத்த பாலம்.

ஆயினும் அப்பாலத்தில் உளுத்த பலகைகளும் உள. ஸ்பானியத்தில் ‘எம்பராசாதா’ எனின் கருவுற்றவள் என்பது பொருள். அதனை ஒத்தொலிக்கும் ஆங்கிலச் சொல்லோ நாணமுற்றவரைக் குறிப்பது. ஸ்பானிய ‘எக்சிதோ’ வெற்றியைக் குறிக்கும். ஆங்கில ‘எக்சிட்’ வெளியேறும் வழியைக் குறிக்கும். ஸ்பானிய ‘லிப்ரெரீயா’ புத்தகக்கடை. ஆங்கில ‘லைப்ரரி’ நூலகம். உருவ ஒற்றுமையை நம்பிக் கால் வைத்தவன் நகைப்புக்கு ஆளாகிறான்.

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. தீயை அணைத்தலை ‘எக்ஸ்டிங்குயிஷ்’ எனவும், ஒத்திவைத்தலை ‘போஸ்ட்போன்’ எனவும், பொறுத்துக்கொள்ளுதலை ‘டாலரேட்’ எனவும் ஸ்பானிய மாணவன் எளிதிற் கூறிவிடுவான். மூன்றும் அவன் தாய்மொழியிலும் உள்ள இலத்தீன் வழிச் சொற்களே. ஆனால் ஆங்கிலேயத் தாய் தன் மகனிடம் பேசுங்கால் இம்மூன்றையும் பெரிதும் தவிர்ப்பாள். ‘புட்’ என்னும் ஒரு சிறு சொல்லின் பின்னே ‘அவுட்’, ‘ஆஃப்’, ‘அப் வித்’ எனச் சிறு சொற்களைச் சேர்த்தே அவள் இம்மூன்று பொருளையும் உணர்த்திவிடுவாள். இவை பழைய ஆங்கிலத்தின் வேரிலிருந்து தழைத்தவை. இலத்தீன் மகளுக்கு இவற்றோடு உறவில்லை. எனவே வியத்தகு நிலை ஒன்று விளைகிறது. ஆங்கிலேயர்க்கு அரியவாகிய பெருஞ்சொற்கள் ஸ்பானியர்க்கு எளியவாகின்றன. ஆங்கிலக் குழந்தைக்கும் எளியவாகிய சிறுசொற்கள் அவர்க்கு அரியவாகின்றன. நூலகத்தில் அறிஞனாய் விளங்கியவன் தேநீர்க்கடையில் ஊமையாகிறான்.

பந்தோடு கற்ற மொழி

பெருஞ்சொற்களைத் தரும் பாலம் ஏதிலியர்க்குப் போதாது என்பதனை 1937ஆம் ஆண்டு உணர்த்திற்று. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்த காலம் அது. அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் நாள் கெர்னிகா நகர் குண்டுவீச்சால் அழிந்தது. மே 23ஆம் நாள், ஏறத்தாழ 4,000 சிறாரை ஏற்றிய ‘அபானா’ என்னும் கப்பல் பில்பாவோவிலிருந்து சவுத்தாம்ப்டன் துறைமுகத்தை அடைந்தது. உடன் வந்தோருள் ஆசிரியைகளும் துணைப்பெண்களும் பாதிரிமார் சிலரும் இருந்தனர். சிறாருள் ஸ்பானியம் பேசினோரும் பாஸ்க்கு மொழி பேசினோரும் இருந்தனர். ஈஸ்ட்லீ என்னும் ஊரின் அருகே, வயல்வெளியில் அடித்த கூடாரங்களில் அவர்கள் தங்கவைக்கப்பட்டனர். பிரித்தானிய அரசு அவர்தம் பராமரிப்புக்குப் பொருள் தர மறுத்தது. பொதுமக்களின் நன்கொடையே அவர்களைக் காத்தது. ஜூன் 19ஆம் நாள் பில்பாவோ வீழ்ந்தது. அச்செய்தி முகாமின் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டபோது, பெற்றோரை விட்டுவந்த அப்பிள்ளைகளின் அழுகுரல் அவ்வெளியெங்கும் எழுந்தது.

பின்னர் அவர்கள் நாடெங்குமுள்ள இல்லங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டனர். அவர்களுக்கு வேண்டியிருந்தவை ‘லிபர்டி’, ‘யுனிவர்சிட்டி’ போன்ற சொற்களா? ‘பந்தை இங்கே தள்ளு’, ‘விட்டுவிடு’, ‘என் பக்கம் வா’ என்னும் பேச்சே அவர்தம் அன்றாடத் தேவை. அதனை அவர்கள் அகராதியில் தேடவில்லை, திடலில் கேட்டனர். அவருள் சிலர் பந்தாட்டத்திலே பெயர் பெற்றனர். எமிலியோ அல்தெக்கோவா ஆங்கிலக் குழுக்களுக்காக ஆடிய முதல் ஸ்பானியர் ஆனார். சவுத்தாம்ப்டன் குழுவில் பயின்ற சபீனோ பாரினாகாவும் ரைமுந்தோ லெசாமாவும் ஸ்பெயினுக்குத் திரும்பிப் புகழ்மிக்க குழுக்களில் விளங்கினர். சிறாருள் பெரும்பாலோர் தாயகம் திரும்பினர். சில நூறு பேர் இங்கிலாந்திலேயே வாழ்ந்து அந்நாட்டு மக்களாயினர். மொழி அவர்களுக்குப் பாடமன்று. தனிமையினின்று மீளும் வழி.

இகழப்பட்டோர் அமைத்த பாலம்

திடலிலும் தெருவிலும் வழங்கும் சொற்கள் எங்கிருந்து வருவன? அவற்றின் பிறப்பை அறியச் சில நூற்றாண்டுகள் பின்செல்லல் வேண்டும்.

ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கும் சொல்லை நன்னூலார் குழூஉக்குறி என்றார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது அதற்குக் காட்டப்படும் உதாரணம். இங்கிலாந்தில் தாமஸ் ஹார்மன் என்பார் 1560களில் ஊர்சுற்றிகளின் குழூஉக்குறிகளைத் தொகுத்தார். ஸ்பெயினில் 1609இல் ஹுவான் இதால்கோ பெயரால் கள்வர் பேச்சின் சொற்பட்டியல் ஒன்று வெளிவந்தது. 1785இல் பிரான்சிஸ் குரோஸ் என்பவர், இலண்டனின் இழிந்த தெருக்களில் இரவில் உலவிக் கேட்ட சொற்களை அகராதியாக்கினார். குற்றவாளியை அடையாளம் காணும் கருவியாகத் தொடங்கிய முயற்சி, மெல்ல மெல்ல மொழியாராய்ச்சியாக மலர்ந்தது.

அத்தெருச்சொற்களுள் ஒரு பகுதி ரோமா மக்களின் மொழியிலிருந்து வந்தது. இத்தாலிய நாட்டு ரோம் நகருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. இவர்தம் முன்னோர் இந்தியாவிலிருந்து மேற்கே பெயர்ந்தவர் என்பது மொழிநூலார் நிறுவிய உண்மை. இவர்கள் மொழியில் நீர் ‘பானி’, ஐந்து ‘பஞ்ச்’, பத்து ‘தெஷ்’. பஞ்ச பூதத்தையும் தசாவதாரத்தையும் அறிந்த தமிழ் மாணவர்க்கு இவ்வெண்கள் முற்றும் அயலானவை அல்ல. எகிப்திலிருந்து வந்தோர் என ஐரோப்பியர் இவர்களைத் தவறாகக் கருதினர். ஆங்கிலத்தில் ‘ஜிப்சி’ எனவும் ஸ்பானியத்தில் ‘கித்தானோ’ எனவும் வழங்கும் பெயர்கள் இரண்டும் அவ்வொரு பிழையிற் பிறந்தவையே.

பிழை ஒன்றாயினாற்போலவே கொடுமையும் ஒன்றாயிற்று. ஸ்பெயின் 1499இலும் இங்கிலாந்து 1530இலும் இவர்களை வெளியேற்ற ஆணை பிறப்பித்தன. 1749இல் ஸ்பெயின் முழுவதும் ஒரே காலத்தில் ஆயிரக்கணக்கான ரோமா மக்கள் சிறைபிடிக்கப்பட்டனர். 1783ஆம் ஆண்டின் ஆணையோ உடையையும் மொழியையும் அலைந்து திரிதலையும் கைவிடுமாறு அவர்களைக் கட்டாயப்படுத்திற்று.

ஆணைகள் மக்களைத் துரத்தின. சொற்களைத் துரத்த இயலவில்லை. ஆங்கிலத்தில் நண்பனைக் குறிக்கும் ‘பால்’ என்னும் சொல், உடன்பிறந்தானைக் குறிக்கும் ரோமா மொழிச் சொல்லின் வழிவந்தது. அது 17ஆம் நூற்றாண்டிலேயே பதிவாகியுள்ளது. ஆங்கிலேயர் நல்லது என்னும் பொருளில் வழங்கும் ‘குஷ்டி’யும் அம்மொழியினதே. ஸ்பானியத் தெருக்களில் வேலை செய்தலைக் குறிக்கும் ‘குர்ரார்’ என்பதும், சிறுவனைக் குறிக்கும் ‘சவால்’ என்பதும் அவ்வாறே வந்தவை. வெளியேற்றப்பட்டவரின் சொற்களே நண்பனையும் நன்மையையும் உழைப்பையும் பிள்ளையையும் அழைக்கப் பயன்பட்டன என்பது நெஞ்சில் நிறுத்தத்தக்கது.

இருவர் கண்ட உண்மை

இப்பாலத்தைக் கண்டறிந்து போற்றியோர் மிகச் சிலர். அவருள் முதல்வராகக் கூறத்தக்கவர் ஜார்ஜ் பாரோ. ஆங்கில நாட்டு ரோமா மக்களோடு இளமையிற் பழகிய அவர், விவிலியம் பரப்பும் பணிக்காக 1836இல் ஸ்பெயின் சென்றார். ஆங்கு ரோமா மக்களோடு அளவளாவி, 1837இல் லூக்கா நற்செய்தியை அவர்தம் வழக்கிற் பெயர்த்து வெளியிட்டார். 1841இல் அவர் வெளியிட்ட நூல் ஸ்பெயினின் ரோமா மக்களைப் பற்றியதோடு, அவர்தம் சொற்றொகுதியையும் கொண்டிருந்தது. அவர் பின்னர் எழுதிய தன்வரலாறு தழுவிய நூலின் பெயராகிய ‘லாவென்க்ரோ’ என்பதற்கு, அம்மக்கள் மொழியில் சொல்வல்லான் என்பது பொருள்.

மற்றொருவர் வால்டர் ஸ்டார்க்கி. டப்ளின் பல்கலைக்கழகத்தில் ஸ்பானியப் பேராசிரியராக இருந்த அவர், விடுமுறைகளில் வயலினைத் தோளிற் சுமந்து ரோமா மக்களோடு அலைந்தவர். அவ்வனுபவங்களை 1930களில் நூல்களாக்கியவர். 1940இல் மாட்ரிட் நகரில் பிரித்தானியக் கல்விக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக அமர்ந்து, 1954வரை அவர் பணியாற்றினார். ஸ்பானியர்க்கு ஆங்கிலம் கற்பிக்க எழுந்த நிறுவனத்தின் முதல் தலைவர் அவ்விரண்டாம் பாலத்தின் மாந்தரோடு தெருவில் அமர்ந்து பாடியவர் என்பது வரலாற்றின் இனிய பொருத்தங்களுள் ஒன்று.

சொல்லும் சொல்லுவோனும்

இரண்டாம் பாலமும் இடரற்றதன்று. ஸ்பானியச் ‘சவால்’ என்னும் சொல்லுக்கு உறவாகிய ஒரு சொல் ஆங்கிலத்திலும் உண்டு. ‘சாவ்’ என்னும் அச்சொல் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய நாளேடுகளில் பெருவழக்காயிற்று. ஆனால் ஸ்பெயினில் அன்போடு ‘பையா’ என விளிக்கும் சொல்லின் உறவு, இங்கிலாந்தில் ஏழை இளைஞரை இழித்துரைக்கும் வசையாகிவிட்டது. வேர் ஒன்று, பொருள் இருதுருவம். சொற்பிறப்பை மட்டும் அறிந்த மாணவன், உறவுச்சொல் எனக் கருதி அதனை வழங்கினால், நட்பை நாடிச் சென்ற இடத்தில் பகையைப் பெறுவான்.

‘எம்பராசாதா’ கற்பித்த பாடமும் ‘சாவ்’ கற்பிக்கும் பாடமும் ஒன்றே. சொல்லின் பொருள் அதன் உருவில் மட்டுமோ வேரில் மட்டுமோ அடங்குவதில்லை. யார், யாரிடம், எந்நிலையில் கூறுகிறார் என்பதே அதனை நிறைவு செய்கிறது. சொற்பட்டியலை மனப்பாடம் செய்த மாணவன் தேர்வில் வெல்லலாம். அப்பட்டியல் மட்டும் அவனுக்கு ஒரு நண்பனைத் தேடித் தாராது. தெருப்பேச்சை மட்டும் பயின்றவனோ திடலில் மகிழலாம். அவைக்கண் தலைநிமிர இயலாது. இரண்டும் வேண்டும், இரண்டிற்கும் உரிய இடம் அறிதலும் வேண்டும்.

மொழி கற்பிப்போர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது மற்றொன்றும் உண்டு. கொச்சை என ஒதுக்கப்படும் ஒரு சொல், ஆயிரம் கல் தொலைவு நடந்து, சிறையும் தண்டனையும் கண்டு, பின்னும் அழியாது வந்ததாக இருக்கலாம். வகுப்பில் ஒரு மாணவன் அத்தகைய சொல்லைக் கூறும்போது, ‘அது தவறு’ என்று வாயை அடைத்துவிடுதல் எளிது. ‘அதனை எங்குக் கேட்டாய்? யார் யாரிடம் கூறினார்?’ என வினவும் ஆசிரியரோ, அம்மாணவனுக்கு இரு பாலங்களையும் காட்டிவிடுகிறார்.