பத்து விநாடிக்குள் விடை

பத்து விநாடிக்குள் விடை வராவிட்டால் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். வினாடி வினா நிரல் எழுதும் மாணவருக்கு இது ஒரு வரி வேலையாகத் தோன்றும். ஆனால் விசைப்பலகையைப் படிக்கச் சொன்னதும் நிரல் அங்கேயே நின்றுவிடுகிறது. எண்டர் தட்டும்வரை கடிகாரம் பார்க்க ஆளில்லை.

1981இல் வந்த பிபிசி மைக்ரோ கணினியில் இந்தத் தொல்லையே கிடையாது. அதற்காக சோஃபி வில்சன் எழுதிய பேசிக் மொழியில் இன்கீ(1000) என்றால் பத்து விநாடி காத்திருக்கும். விசை எதுவும் அழுத்தப்படாவிட்டால் -1 என்று சொல்லி நகர்ந்துவிடும். அழகான ஏற்பாடு.

யுனிக்ஸில் வழி சுற்றிப் போனது. 1979இல் வெளியான ஏழாம் பதிப்பில் நிரலர்கள் அலாரம் வைத்தார்கள். நேரம் முடிந்ததும் வரும் சிக்னல், உள்ளீட்டுக்குக் காத்திருந்த அழைப்பை அறுத்துவிடும். 1983இல் வந்த பெர்க்லியின் 4.2பிஎஸ்டி, அப்படி அறுபட்டதைத் தானே மறுபடி தொடங்கிவைத்தது. அலாரத்தை நம்பிய நிரல்கள் திரும்பவும் காத்துக் கிடந்தன. மாற்றாக அதே பதிப்பு செலக்ட் என்ற அழைப்பைக் கொடுத்தது. இத்தனை விநாடிக்குள் ஏதாவது வந்ததா என்று அது பார்த்துச் சொல்லும். விண்டோஸின் செலக்டோ சாக்கெட்டுகளை மட்டுமே ஏற்கும், விசைப்பலகையை ஏற்காது.

எங்கும் ஓடக்கூடிய வழி வேண்டியவர்கள் த்ரெட் பக்கம் திரும்பினார்கள். 1995இல் போசிக்ஸ் தரம் அதற்கு வந்தது. 1996இல் வெளியான ஜாவா அதை மொழிக்குள்ளேயே வைத்தது. ஒரு த்ரெட் படிக்கும், இன்னொன்று நேரம் பார்க்கும்.

சிக்கல் பதினோராவது விநாடியில்தான் தொடங்குகிறது. படிக்கும் த்ரெட் இன்னும் விசைப்பலகையிடமே நிற்கிறது. அடுத்த கேள்விக்குப் புதிதாக ஒரு த்ரெட் போட்டால், பயனர் தட்டும் விடையைப் பழையது விழுங்கிவிடும். இன்டரப்ட் கொடுத்தாலும் ஜாவாவின் வழக்கமான உள்ளீட்டு வாசிப்பு அசையாது. ஸ்டாப் போட்டுக் கொல்வது ஆபத்து: அந்த த்ரெட் பிடித்திருந்த பூட்டுகள் திறந்துகொள்ளும், பாதி மாறிய தரவு மற்றவற்றின் கையில் சிக்கும். அதனால்தான் 1998இல் ஜாவா 1.2 அதைக் கைவிடச் சொன்னது.

உருப்படியான விடை 2004இல், ஜாவா 5உடன் மொழியின் நூலகத்திலேயே கிடைத்தது. டக் லீ தலைமையில் உருவான ஒருங்கியக்கத் தொகுப்பில் நேரவரம்புள்ள வரிசைகள் இருந்தன. நிரல் முழுவதற்கும் படிக்கும் த்ரெட் ஒன்றே போதும். அது வந்த வரிகளை வரிசையில் போடும், கேள்வி கேட்பது பத்து விநாடி மட்டும் அந்த வரிசையிடம் காத்திருக்கும். யாரையும் கொல்ல வேண்டியதில்லை. தாமதமாக வந்த விடை வரிசையில் தங்கியிருக்கும் என்பதால், ஒவ்வொரு கேள்விக்கு முன்பும் வரிசையைக் காலி செய்துவிட வேண்டும்.